ஊடு என்றால் வீடு அல்ல

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அந்த ஒரு மாதம் கரையான்சாவடி மெயின் ரோட்டில் இருக்கும் கல்யாண மண்டபங்களெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும். வாடகையும் பாதிக்குப் பாதி இறங்கிவிடும். செவித்திறன் வல்லுநர் தொடர்கல்விப் பேரவை தன் வருடாந்தரப் பயிலரங்கை ஆடியில் வைத்துக்கொண்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதே ஆடியில்தான் மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள் என்பதும், கூழ் காய்ச்சுவதற்கு முன்பே கூம்பு ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள் என்பதும் பேரவைக்குத் தெரியாததல்ல. காதைப் பற்றிப் படித்தவர்கள் எல்லாவற்றையும் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

காதைச் சோதித்துக் கருவி பொருத்துகிறவர்கள் ஒரு பட்டத்தோடு நின்றுவிடக் கூடாது, கடைசிவரை படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் படித்தார்களா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகப் புள்ளி என்று ஒன்று வந்தது. பயிலரங்கில் ஒரு நாள் உட்கார்ந்தால் இத்தனை புள்ளி. உட்கார்ந்தபடி தூங்கினாலும் அதே புள்ளிதான். புள்ளி சேராதவரின் பதிவு ரத்தாகும். எனவே பல ஊர்களிலிருந்தும் பொடிநடையாகவும் பஸ்ஸிலும் வந்து உட்கார்ந்தார்கள். புள்ளி வைக்கும் இடத்தில் இருந்ததால் பேரவைத் தலைவர் டாக்டர் உலகநாதன் பெரும்புள்ளி ஆனார்.

பேரவையின் சின்னம் ஒரு காது, அதன் வாசலில் ஒரு சங்கு. வரைந்தவருக்கும் சரி, ஒப்புதல் தந்த செயற்குழுவுக்கும் சரி, செவிடன் காதில் ஊதிய சங்கு என்று ஊரில் ஒரு பேச்சு இருப்பது ஞாபகம் வரவில்லை. அதோடு விட்டார்களா? ஒவ்வொரு பயிலரங்கையும் சங்கு ஊதித்தான் தொடங்க வேண்டும் என்று தீர்மானமே போட்டிருந்தார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஆடியில் அந்தச் சங்கு முழங்கியபோது அங்கம்மா பதறிப்போய் எழுந்து நின்றாள்.

"யாரு பூட்டாங்கோ?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாள். மாங்காட்டில் அவள் குடியிருந்த தெருவில் சங்கு ஊதினால் பாடை கட்டுகிறார்கள் என்று அர்த்தம். யாரும் போகவில்லை, இது தொடக்க விழா என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்கள். அவள் புருஷன் வேம்புலி, ரோட்டில் ஏதோ லாரி ஹாரன் அடிக்கிறான் என்று நினைத்து, தெருப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

வேம்புலிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து, மேலிருந்து ஹேமரை இறக்கித் தட்டும் மிஷினில் நின்றார். ஹேமர் இறங்கும்போது எதிர்ப்பக்க டீக்கடையில் கிளாஸ் குதிக்கும். கிளாஸே குதிக்கும்போது காது என்ன செய்யும்? முதலில் வலது காது போனது. பிறகு இடது காது போகத் தொடங்கியது. காதோரமாக வாய் வைத்துப் பேசினால் இடது காதில் கேட்கும். மானேஜர் நல்லவர். "காது மிஷின் மாட்டிக்கிட்டு வா, ஸ்டோர்ஸுக்கு மாத்திடறேன். அங்க சத்தம் கிடையாது" என்று சொல்லியிருந்தார். மிஷின் வரும்வரை? ஹேமரிலேயே நிற்க வேண்டியதுதான். கெட்ட காதுதானே, இன்னும் என்ன கெட்டுவிடப் போகிறது என்பது கம்பெனியின் எண்ணம்.

இந்தச் சமயத்தில்தான் பேரவைச் செயலாளர் ஜம்புலிங்கம் பயிலரங்கில் செய்துகாட்ட ஒரு காது தேடி எஸ்டேட்டுக்கு வந்தார். வேம்புலியின் காதைப் பார்த்ததும் அவருக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் ஜாதகம் பொருந்தியது போல ஒரு திருப்தி. "சொல் சோதனையில் நூற்றுக்கு அறுபது வந்தால் பேரவை செலவிலேயே மிஷின்" என்று அங்கம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கம்மாவுக்கு அதில் புரிந்தது அறுபது என்ற சொல்தான். அறுபது வாங்கினால் மிஷின். மிஷின் வந்தால் ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸ் கிடைத்தால் மிச்சமிருக்கும் காது தப்பும். அந்தக் கணக்கோடு மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டுத்தான் புருஷனைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள்.

மேடையில் மாப்பிள்ளை உட்காரும் சிங்காதனத்தில் டாக்டர் உலகநாதன் உட்கார்ந்திருந்தார். மணவறை போடுகிற இடத்தில் ப்ளைவுட்டும் தெர்மாகோலும் வைத்து, முன்பக்கம் கண்ணாடி பதித்து ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். சத்தம் புகாத அறை என்று அதற்குப் பெயர். கூழ் ஊற்றும் பாட்டு அதற்குள்ளும் நன்றாகக் கேட்டது.

டாக்டர் மைக்கைப் பிடித்தார். மைக் முதலில் கீச்சென்று ஓர் அலறல் அலறியது. மண்டபமே காதைப் பொத்தியது. வேம்புலியும் இடது காதைத் தேய்த்துக்கொண்டார்.

"நண்பர்களே! செவித்திறன் வல்லுநருக்கு முதல் கருவி எது? சோதனை இயந்திரமா? இல்லை! அவருடைய சொந்தக் காது! நோயாளி பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்!"

நல்ல மனுஷராக இருக்கிறாரே என்று அங்கம்மா எழுந்தாள். "சார், ஒரு விசியம். அவுருக்கு சோத்தாங்கை பக்கம் சுத்தமா..."

"அப்புறம், அம்மா, அப்புறம்" என்றார் டாக்டர். "நோயாளியின் குடும்பத்தார் பேசும்போது, நண்பர்களே, இன்னும் கூடுதலாகக் காது கொடுங்கள்!"

கைதட்டினார்கள். அங்கம்மா உட்கார்ந்துகொண்டாள்.

சோதனை செய்தவர் ஹில்டா என்ற பெண். ஆவடியில் சின்னதாக ஒரு மையம் வைத்திருந்தார். அந்த வருஷத்துப் புள்ளிக்காக வந்தவரைப் பேரவை, சோதனை மிஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டது. முதலில் ஹெட்போனில் கூ என்று ஒலி வரும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். வேம்புலி இடது காதுக்குப் பலமுறை விரலைத் தூக்கினார். இந்தக் காதுக்குக் கருவி நன்றாகப் பயன்படும் என்று ஹில்டா எழுதினார். உள்ளபடியே அது உண்மை. அன்றைக்கு அங்கே எழுதப்பட்ட ஒரே உண்மையும் அதுதான்.

அடுத்தது சொல் சோதனை. டேப்பில் ஒரு கனத்த குரல் சொல் சொல்லும். நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். சொல் வரும் நேரத்தில் நோயாளி பராக்குப் பார்க்காமல் இருக்கக் கூண்டுக்குள் ஒரு சிவப்பு பல்பு எரியும்.

பல்பு எரிந்தது. "வீடு" என்றது டேப்.

"ஊடு" என்றார் வேம்புலி.

ஹில்டா சரி என்று குறிக்கப் போனார். பின்னால் நின்ற ஜம்புலிங்கம் அவர் பேனாவைத் தடுத்தார்.

"பழம்."

"பயம்."

"மழை."

"மய."

"குடை."

"கொட."

"வழி."

"வயி."

இப்படியே போனது. தலை தல ஆனது, முகம் மொகம் ஆனது. எலி மட்டும் எலியாகவே தப்பியது. முடிவில் நூற்றுக்குப் பன்னிரண்டு.

பிறகு கலந்துரையாடல். பழம் என்ற சொல்லைப் பயம் என்று கேட்பதால் நோயாளிக்கு உள்ளூர ஏதோ பீதி இருப்பதாகத் திருவள்ளூரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். வழி என்பதை வயி என்றதால் வயிற்றையும் பார்த்துவிடலாம் என்றார் இன்னொருவர். இரண்டும் குறித்துக்கொள்ளப்பட்டன.

அங்கம்மாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "இன்னா சார் இது? அவுரு கரீட்டாத்தான சொல்லிகினு கீறாரு? ஊடுன்னா ஊடுதான் சார். நாம குடியிருக்கறது. நீங்க உங்க ஊட்ல இன்னா சொல்லுவீங்கோ?"

டாக்டர் உலகநாதன் புன்னகை செய்தார். "அம்மா, அவர் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. புரிவது வேறு, சரி என்பது வேறு. பட்டியலில் வீடு என்று இருக்கிறது. நாங்கள் ஊட்டை ஏற்றுக்கொண்டால் பட்டியலின் தரம் என்ன ஆவது? நாளைக்கு ஆளாளுக்கு எனக்குக் காது கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள்."

தீர்ப்பு வந்தது. ஒலி கேட்கிறது, சொல் புரியவில்லை. ஆகவே கோளாறு காதில் இல்லை, அதற்கும் மேலே. அப்படிப்பட்டவருக்குக் கருவி கொடுப்பது வீண். பன்னிரண்டு எங்கே, அறுபது எங்கே? சாம்பார் சாதமும் வடையும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். வேம்புலி மறுநாள் ஹேமருக்குப் போனார்.

அடுத்த ஆடியிலும் ஜம்புலிங்கம் வந்தார். ஓராண்டுக்குப் பிறகு அதே நோயாளி எப்படி இருக்கிறார் என்று ஓர் அமர்வாம். அறுபது என்ற வாக்கு இன்னும் நிற்கிறது என்றார். போனார்கள். சங்கு, மைக், கூண்டு, அதே டேப். பட்டியலை மாற்றக் கூடாது, மாற்றினால் ஒப்பிட முடியாது. ஓர் ஆண்டு முழுக்க ஹேமர் அடித்ததில் இடது காதும் பெரும்பாலும் போயிருந்தது. கேட்ட இரண்டொரு சொல்லையும் ஊடு, பயம் என்றே சொன்னார். எலியும் இந்த முறை தப்பவில்லை. முட்டை.

டாக்டர் உலகநாதனின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "நண்பர்களே, சென்ற ஆண்டு இவருக்குக் கருவி வேண்டாம் என்று முடிவெடுத்தோம். அப்போது சிலர் முணுமுணுத்தீர்கள். இன்று பாருங்கள், கேட்கும் திறன் மேலும் குறைந்திருக்கிறது. அன்று கருவி கொடுத்திருந்தால் அது வீணாகியிருக்கும். நம் முடிவு சரி என்று இந்த மனிதரின் காதே சாட்சி சொல்லிவிட்டது!"

பலத்த கைதட்டல். முணுமுணுத்தவர்களும் தட்டினார்கள்.

கை கழுவும் இடத்தில் ஹில்டா அங்கம்மாவை ஓரமாகக் கூப்பிட்டார். "அக்கா, எனக்குத் தெரியும். ஊடுன்னா வீடுதான். ஆனா நான் சரி போட்டா என் புள்ளில கை வைப்பாங்க. டேப்ல எப்படி வருதோ அப்படியே சொல்லச் சொல்லுங்க. வேற ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

அங்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இது வைத்தியம் இல்லை, பரீட்சை. பரீட்சை என்றால் மனப்பாடம் பண்ண வேண்டும், அவ்வளவுதானே! ஊரில் எத்தனை பிள்ளைகள் ஒன்றும் புரியாமலே மனப்பாடம் பண்ணிப் பாஸாகி ஆபீசுக்குப் போகிறார்கள். இரண்டு வருஷமாகக் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டதில் பட்டியல் முழுவதும் அவளுக்கு வரிசையாகத் தெரியும். அவள் ஐந்தாம் வகுப்பில் முதல் ஆளாக வந்தவள்.

அந்த வருஷம் முழுவதும் சாயங்காலமானால் அவர்கள் வீட்டில் பாடம் நடந்தது. வேம்புலியை எதிரே உட்கார வைத்து டார்ச் லைட்டை அவர் முகத்தில் அடிப்பாள். பல்பு எரிந்தால் சொல்லணும் என்று பழக்கம். காதில் கத்தி இனிப் பிரயோஜனமில்லை என்று ஆனபிறகு வாயசைத்துக் காட்டினாள்.

"ஊடு" என்பார் வேம்புலி.

"ஊடு வோணாம்யா! ஒதட்ட பல்லால கட்ச்சிகினு சொல்லு. வீ... வீ..."

"வீ... வூடு."

"தோ வந்துட்ச்சி, இன்னும் கொஞ்சம்!"

பழத்துக்கு நாக்கை மடித்து வாய்க்குள்ளேயே விரலை விட்டுக் காட்டினாள். அவளுக்கே அந்த ழ வந்ததில்லை. புருஷனுக்காக அதையும் கற்றுக்கொண்டாள். பொழுது சாயும் நேரத்தில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பழம், மழை, வழி என்று சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தெருவில் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். வேம்புலிக்கும் சிரிப்பு வரும். கல்யாணமான புதிதில்கூட இப்படி முகத்துக்கு முகம் பார்த்து உட்கார்ந்ததில்லை என்பார். தன் குரலே தனக்குக் கேட்காமல் போனதால் அதைக் கொஞ்சம் உரக்கவே சொல்வார்.

ஆடி பிறப்பதற்கு முன்னால் கம்பெனியில் ஒரு விபத்து நடக்கப் பார்த்தது. கிரேன் ஆள் கத்தினான், மணி அடித்தான், வேம்புலி நகரவில்லை. கொக்கி அவர் தோளை உரசிக்கொண்டு போனது. மானேஜர் அங்கம்மாவை வரவழைத்தார். இந்த முறையும் அவர் நல்லவராகத்தான் பேசினார். "மிஷினோட வந்தா ஸ்டோர்ஸ். இல்லேன்னா அவங்க சர்டிபிகேட்ல என்ன எழுதறாங்களோ அதுப்படிதான் நான் நடப்பேன். என் கையில ஒண்ணும் இல்ல."

மூன்றாவது ஆடி. சங்கு ஊதியது. வேம்புலி தெருப்பக்கம் திரும்பவில்லை. மைக் கீச்சிட்டது. மண்டபத்தில் அத்தனை பேரும் காதைப் பொத்திக் கண்ணையும் இறுக மூடிக்கொண்டார்கள். வேம்புலி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டதால் அதைப் பார்த்தவர் ஒருவருமில்லை.

கூ என்ற ஒலியை மிஷினின் கடைசி எல்லை வரை ஏற்றினார் ஹில்டா. ஹெட்போனுக்கு வெளியிலேயே அது அங்கம்மாவுக்குக் கேட்டது. வேம்புலியின் விரல் எழவில்லை. அங்கம்மா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூவுக்கு மார்க் கிடையாது என்று அவளுக்குத் தெரியும்.

பல்பு எரிந்தது.

"வீடு" என்றார் வேம்புலி, உதட்டைப் பல்லால் கவ்வி.

ஹில்டா நிமிர்ந்து பார்த்தார். பல்பு எரிந்தது.

"பழம்."

"மழை."

"குடை."

"வழி."

ஒவ்வொன்றும் கோயில் மணி மாதிரி விழுந்தது. தலையும் முகமும் வந்தன, எலி வந்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூண்டின் கண்ணாடி வழியாக எல்லோரும் கைதட்டுவதை வேம்புலி பார்த்தார். எழுந்து நின்று கும்பிட்டார்.

டாக்டர் உலகநாதன் சிங்காதனத்திலிருந்து மெல்ல எழுந்தார்.

"நண்பர்களே, அவசரப்பட்டுக் கைதட்டாதீர்கள். ஒலி ஒன்றுகூடக் கேட்கவில்லை என்கிறார். சொல் நூற்றுக்கு நூறு சொல்கிறார். ஒலி கேட்காதவருக்குச் சொல் எப்படிக் கேட்கும்? நம் நூல்கள் என்ன சொல்கின்றன? ஒலியும் சொல்லும் முரண்பட்டால் ஒரே பொருள்தான். இவர் செவிடர் இல்லை. செவிடராக நடிக்கிறார்! ஹேமர் வேலைக்கு டிமிக்கி கொடுக்க மூன்று ஆண்டுகளாக நம் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார். முதல் ஆண்டு நமக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டும் தெரியவில்லை. இன்று தெரிந்தது. ஏன்? தொடர்கல்வி, நண்பர்களே, தொடர்கல்வி!"

இந்த முறை கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. அவன் நடிப்பில் ஆரம்பத்திலேயே தனக்குச் சந்தேகம் இருந்ததாகத் திருவள்ளூர்க்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

அங்கம்மா மேடையில் ஏறி, கூண்டுக்கு முதுகைக் காட்டி நின்றாள். "சார்! சார்! அவுரு நடிக்கல சார். நாந்தான் சொல்லிக்குட்தேன். வருசம் பூரா ஒக்கார வெச்சி நாந்தான் சார் சொல்லிக்குட்தேன்!"

"நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். அவர் கேட்டுக் கற்றுக்கொண்டார்" என்றார் டாக்டர் சபையைப் பார்த்து. "ஆக, காது கேட்கிறது. மனைவியே ஒப்புக்கொள்கிறார்."

"வாயப் பாத்து கத்துக்கினாரு சார்! லைட்டப் பாத்து சொல்றாரு. ஒண்ணியும் கேக்கல சார் அவுருக்கு, இடி வுயுந்தாக்கூட கேக்காது. டாக்டரம்மா, நீ அந்த டேப்ப நிறுத்து. நிறுத்திட்டு லைட்ட மட்டும் போடு. அப்பவும் சொல்லுவாரு. போடும்மா, உன் புள்ளக்குட்டி நல்லா இருக்கும்!"

ஹில்டாவின் கை டேப்பின் மேல் போனது. நிறுத்த ஒரு விரல் போதும்.

"சோதனை முறையை மாற்ற உறுப்பினருக்கு அதிகாரம் கிடையாது" என்றார் ஜம்புலிங்கம் அமைதியாக. "மாற்றினால் இந்த அமர்வே செல்லாது. அமர்வு செல்லாவிட்டால் யாருக்கும் புள்ளி கிடையாது."

மண்டபம் முழுவதும் ஹில்டாவைப் பார்த்தது. காலையிலிருந்து அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்தவர்கள். ஹில்டா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு உணவு இடைவேளை.

சர்டிபிகேட் கம்பெனிக்கு நேராகப் போய்விட்டது. மானேஜர் சொன்னபடியே அதில் எழுதியிருந்தபடி நடந்தார். ஏமாற்றுக்காரனுக்கு ஸ்டோர்ஸும் இல்லை, ஹேமரும் இல்லை. புருஷனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு விசாரிக்கப் போன அங்கம்மாவிடம் கேட்டில் நின்ற வாட்ச்மேன் விவரத்தைச் சொல்லி, உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு என்றான்.

அவள் மாங்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. வேம்புலி சட்டையை மாற்றி, தலைவாரி உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் அவர் கண்டதெல்லாம் கைதட்டல்தான். இரண்டு முறை தட்டினார்கள். இரண்டாம் முறை இன்னும் பலமாக. நூற்றுக்கு நூறு என்று கரும்பலகையிலும் எழுதியிருந்தது. அங்கம்மா அழுததைச் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளும் அதை மாற்றிச் சொல்லவில்லை.

"இன்னா, மிஷின் எப்போ தராங்களாம்?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

அங்கம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். வாயைப் பார்த்தால் படித்துவிடுவார். அவள்தானே கற்றுக்கொடுத்தாள். உன் வேல பூட்ச்சியா, நாந்தான் உன் வாயிலயே மண்ணைப் போட்டேன் என்று சுவரிடம் சொன்னாள்.

மாங்காட்டில் அந்நேரத்துக்கு எல்லா வீட்டிலும் மோட்டார் போடுவார்கள். வோல்டேஜ் இறங்கி, தலைக்கு மேலிருந்த பல்பு மங்கிச் சிவந்தது.

வேம்புலி நிமிர்ந்து உட்கார்ந்தார். உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டார்.

"வீடு" என்றார்.

பல்பு அணைவது போலப் போய் மறுபடியும் சிவந்தது.

"பழம்."

அங்கம்மா திரும்பவில்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்டது.